நாலே வருஷத்தில் நின்றுபோன யூதப் பெண்கள் பத்திரிகை: இதை எப்படிப் புரிந்துகொள்வது?

மயிலை வாசகி:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தின் அடுத்த கூட்டத்துக்கு "1900-ஐ ஒட்டி வந்த பெண்கள் பத்திரிகைகள்" என்று தலைப்பு வைத்து என் தலையில் கட்டிவிட்டார்கள். சென்னைப் பக்கம் கவலையில்லை. 1899-ல் வந்த மாதர் மனோரஞ்சனி, 1901-ல் கமலா சத்தியநாதன் ஆங்கிலத்தில் ஆரம்பித்த இந்தியன் லேடீஸ் மேகசின், 1905-ல் பாரதி ஆசிரியராக இருந்த சக்கரவர்த்தினி என்று பேச நிறைய இருக்கிறது. அதே சமயம் வெளியூரில் ஒரு சிறுபான்மைச் சமூகத்துப் பெண்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று தேடப் போய், தி அமெரிக்கன் ஜூயெஸ் என்ற பத்திரிகையில் மாட்டிக்கொண்டேன்.

1895 ஏப்ரலில் சிகாகோவில் தொடங்கியது. ஆசிரியர் ரோசா சோனஷைன். அமெரிக்காவில் யூதப் பெண்களுக்கென்று ஆங்கிலத்தில் வந்த முதல் பத்திரிகை இதுதான் என்கிறார்கள். உச்சத்தில் 29,000 பிரதி போகிறது என்று பத்திரிகையே சொல்லிக்கொண்டது. 1899 ஆகஸ்டோடு கதை முடிந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகம் இதழ்களை ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருக்கிறது, அதனால் ராத்திரி வீடு அடங்கின பிறகு உட்கார்ந்து மேய்ந்தேன். சிறுகதை, உடல்நலக் குறிப்பு, ஃபேஷன், வீட்டு நிர்வாகம், குழந்தைகளுக்கான பக்கம் எல்லாம் உண்டு. அதற்கு நடுவில் திடீரென்று, யூதர்கள் கூடி வழிபடும் ஜெப ஆலயத்தில் பெண்ணுக்கு உறுப்பினர் உரிமை எங்கே என்று மல்லுக்கு நிற்கும் தலையங்கம்.

வட்டத்தில் ஒரு பெரியவர் "இது வசதியான வீட்டம்மாக்கள் பொழுதுபோக்கப் படித்தது, பெண்ணியம் கிண்ணியம் என்று பெரிசு பண்ணாதே அம்மா" என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் அவரோடு வாதம் செய்யக் கையில் சரக்கு போதாது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: இதை என்ன ரகத்தில் சேர்ப்பது? அவ்வளவு பிரதி போன பத்திரிகை நாலு வருஷத்தில் எப்படிப் படுத்தது?

---

பழைய பேப்பர்:

ரோசாவின் வாழ்க்கை தெரியாமல் அந்தப் பத்திரிகையைப் படித்தால் பாதிதான் பிடிபடும், அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1847-ல் மொராவியாவில் பிறந்தவர், இன்றைக்கு அது செக் நாடு. வளர்ந்தது ஹங்கேரியில். அப்பா பெயர் பெற்ற ரபி. 1864-ல் கட்டிக்கொடுத்ததும் ஒரு ரபிக்குத்தான், சாலமன் சோனஷைன். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால் குருக்கள் வீட்டில் பிறந்து குருக்கள் வீட்டுக்கே வாழ்க்கைப்பட்டவர். நாலு பிள்ளைகள். பிறகு அமெரிக்கா போய் செயின்ட் லூயிஸ் நகரத்தில் குடித்தனம். அங்கே 1879-ல் பயோனியர்ஸ் என்று யூதப் பெண்களுக்கு ஒரு இலக்கியச் சங்கம் தொடங்கினார், கதை எழுதினார், பத்திரிகைகளுக்கும் எழுதினார். மண வாழ்க்கை சரிப்படவில்லை. 1893-ல் விவாகரத்து, ஜீவனாம்சம் கிடையாது. நாற்பத்தாறு வயதில் தன் சோற்றுக்குத் தானே வழி தேட வேண்டிய நிலை. பத்திரிகை ஆரம்பித்ததற்கு லட்சியம் ஒரு காரணம் என்றால் பிழைப்பு இன்னொரு காரணம், இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

அந்த 1893 இன்னொரு விதத்திலும் முக்கியம். சிகாகோ உலகக் கண்காட்சி, அதையொட்டி நடந்த சர்வமத மகாசபை என்றால் நமக்கு உடனே விவேகானந்தர்தான், திருவல்லிக்கேணி அளசிங்கப் பெருமாள் வீடு வீடாக வசூல் பண்ணி அவரைக் கப்பல் ஏற்றியது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதே மகாசபையின் ஒரு பகுதியாக யூதப் பெண்கள் மாநாடும் நடந்தது. நடத்தியவர் ஹன்னா சாலமன். அதிலிருந்துதான் யூதப் பெண்கள் தேசிய கவுன்சில் உருவானது. ரோசாவும் அந்தச் சமயம் கண்காட்சிக்குப் போயிருந்தார். இரண்டு வருஷத்தில் பத்திரிகை வந்தது, கவுன்சில் செய்திகளைப் பக்கம் பக்கமாகப் போட்டது.

இப்போது உங்கள் பெரியவர் விஷயம். அந்த உறுப்பினர் உரிமைத் தலையங்கங்களைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். ஜெப ஆலயத்தில் பெண்கள் மேலே மாடத்தில் தனியாக உட்காருவது பழைய வழக்கம். 1851-லேயே ஆல்பனி நகரத்தில், பழைய ஆசாரங்களைத் தளர்த்திக்கொண்ட சீர்திருத்த யூதர்கள் குடும்பம் குடும்பமாகச் சேர்ந்து உட்காரத் தொடங்கி, அது மற்ற ஊர்களுக்கும் பரவியது. அதாவது பெண் கீழே இறங்கி வந்து புருஷன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் பதிவேட்டில் பெயர் அவனுடையது, கூட்டத்தில் கையைத் தூக்குகிறவனும் அவன். கல்யாணம் ஆகாதவள் எங்கே? விவாகரத்து ஆனவள் எங்கே? ரோசா இதைப் பொதுப் பிரச்சினையாகத்தான் எழுதினார், ஆனால் 1893-க்குப் பிறகு அவரே அந்தப் பதிவேட்டில் இடமில்லாத ஆள் என்பதை மறந்துவிட்டுப் படிக்க முடியாது. என் கருத்தில் பத்திரிகையின் உயிர் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஃபேஷன் பக்கமும் வீட்டுக் குறிப்பும் அதற்கு முரண் இல்லை. அந்தப் பக்கங்கள் இருந்ததால்தான் வீட்டுக்குள் நுழைய முடிந்தது.

இன்னொன்று, இதற்கு முன்னாலும் யூதப் பெண்களை நினைத்து வந்த பத்திரிகை உண்டு. ஐசக் மேயர் வைஸ் என்ற ரபி 1855-ல் சின்சினாட்டியில் ஆரம்பித்த டி டெபோரா, ஜெர்மன் மொழியில். பெண்களுக்கு எது நல்லது என்று ஆண் எடுத்துச் சொல்கிற ரகம். நம்ம மாதர் மனோரஞ்சனியை நடத்தியதும் சி.எஸ். ராமசாமி ஐயர்தானே, சக்கரவர்த்தினியிலும் ஆண்கள்தான். அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் ஒரு பெண்ணே தலையங்கம் எழுதுவது எவ்வளவு பெரிய தாண்டல் என்று உங்கள் பெரியவருக்கே புரியும்.

---

கோடம்பாக்கம் கீதா:

பழைய பேப்பர் சார் சொன்னதில் பெரும்பாலும் ஒத்துப்போகிறேன், ஆனால் அந்தப் பெரியவரை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடக் கூடாது. 1881-க்குப் பிறகு ரஷ்யப் பகுதிகளிலிருந்து லட்சக்கணக்கில் ஏழை யூதர்கள் அமெரிக்காவுக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். பேசுவது இட்டிஷ் என்கிற கிழக்கு ஐரோப்பிய யூதர் மொழி, வேலை தையல் கூடத்தில். இந்தப் பத்திரிகை அவர்களுக்கானது இல்லை. ஜெர்மன் பின்னணியில் முன்னாடியே வந்து, ஆங்கிலம் படித்து, காலூன்றி விட்ட குடும்பத்துப் பெண்களுக்கானது. புதிதாக வந்த பெண் இதில் பெரும்பாலும் உதவி செய்யப்பட வேண்டியவளாகத்தான் வருவாள், வாசகியாக வர மாட்டாள். நம்ம ஊர் ஆரம்ப காலப் பெண்கள் பத்திரிகைகளில் வேலைக்காரப் பெண் எப்படி வருகிறாளோ அப்படித்தான். இதைச் சொல்லாமல் புகழ்மாலை மட்டும் போட்டால் கூட்டத்தில் யாராவது எழுந்து கேட்பார்கள், தயாராகப் போங்கள்.

ஏன் நின்றது என்பதற்கு என் பதில்: அந்த அம்மா ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. ஹன்னா சாலமன் போய்க்கொண்டிருந்த சிகாகோ சைனாய் சபையில் ஞாயிற்றுக்கிழமைதான் வழிபாடு, எமில் ஹிர்ஷ் என்ற தீவிரச் சீர்திருத்த ரபி அங்கே இருந்தார். யூதருக்கு ஓய்வுநாள் சனிக்கிழமை. சனிக்கிழமையை அனுசரிக்காதவர் யூதப் பெண்கள் அமைப்புக்குத் தலைவராக இருக்கலாமா என்று 1896-ல் கவுன்சில் மாநாட்டில் சண்டை வந்தது. நான் வாரத்தில் எல்லா நாளையுமே புனிதமாகத்தான் நடத்துகிறேன் என்கிற பொருளில் ஹன்னா பதில் சொன்னார். ரோசா விடவில்லை, பத்திரிகையில் கவுன்சில் தலைமையை வெளுத்து வாங்கினார். யோசித்துப் பாருங்கள், கவுன்சில் உறுப்பினர்கள்தான் இவருடைய இயல்பான சந்தாதாரர்கள்!

அது போதாதென்று சியோனிசம், அதாவது யூதர்களுக்கென்று தனி நாடு வேண்டும் என்கிற இயக்கம். 1897-ல் பாசல் நகரத்தில் நடந்த முதல் சியோனிச மாநாட்டுக்கே நேரில் போய்விட்டு வந்தார். அதே 1897-ல் அமெரிக்கச் சீர்திருத்த ரபிகள் கூடி யூத நாடு என்கிற எண்ணத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டார்கள். இவருடைய வாசகர்கள் அந்த ரபிகளின் சபைகளில் உட்கார்ந்திருந்தவர்கள். ஜெப ஆலயத்தில் பெண்ணுக்கு ஓட்டுக் கேட்பதில் அதிரடி, சனிக்கிழமை விஷயத்தில் ஆசாரம், நாடு விஷயத்தில் யாருக்கும் பிடிக்காத நிலை. எனக்கு இந்த அம்மாவை ரொம்பப் பிடிக்கிறது, ஆனால் இப்படிப்பட்டவரை நம்பி யாரும் முதல் போட மாட்டார்கள். 1898-லேயே நிர்வாகத்தை வேறு பதிப்பாளர்களிடம் விட்டுவிட்டார், அடுத்த வருஷம் பத்திரிகை அவுட்.

---

தரமணி தவம்:

சண்டை போட்டதால் நின்றது என்பது கொஞ்சம் சினிமாத்தனமாக இருக்கிறது கீதா மேடம். அந்தக் காலத்தில் மாதப் பத்திரிகைகள் எல்லா ஊரிலும் மளமளவென்று பிறந்து மளமளவென்று செத்தன. நாலு வருஷம் ஓடியதே நல்ல ஓட்டம். அந்த 29,000-மும் பத்திரிகையே சொல்லிக்கொண்டது என்று வாசகி அவர்களே எழுதியிருக்கிறார். விளம்பரம் பிடிக்கச் சொல்லும் கணக்கைக் கொஞ்சம் குறைத்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், அச்சகத்தில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நான் எழுத வந்தது வேறு. அந்தப் பத்திரிகையை முழுசாகப் படிக்க முடிகிறதே, அதைப் பற்றி. எங்கள் பாட்டி வீட்டுப் பரணில் பழைய தமிழ்ப் பத்திரிகைகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. எல்லாம் கிழித்துக் கட்டியவை. தொடர்கதைப் பக்கங்களை மட்டும் வாராவாரம் பிரித்தெடுத்து, கோணி ஊசியில் சணல் கோத்துத் தைத்து, பழைய காலண்டர் அட்டையை மேலே ஒட்டி, பாட்டி கையாலேயே தலைப்பு எழுதியிருப்பார். ஓரத்தில் பசை காய்ந்து பழுப்பாக இருக்கும், அத்தியாயம் முடிகிற இடத்தில் பின்பக்கத்து விளம்பரம் பாதி வெட்டுப்பட்டு நிற்கும், ஏதோ கூந்தல் தைலத்தின் பேரில் பாதி எழுத்து. கதை முழுசாக இருக்கிறது. தலையங்கம், வாசகர் கடிதம், கேள்வி பதில் எல்லாம் கடைக்குப் பொட்டலம் கட்டப் போயிருக்கும்.

நம்ம பெண்கள் பத்திரிகைகளில் யார் என்ன வாதாடினார்கள் என்பது இப்படித்தான் தொலைந்தது. கதையை நேசித்துக் காப்பாற்றினோம், பத்திரிகையைத் தொலைத்தோம். வாசகி மாதிரி ஒருவர் மாதர் மனோரஞ்சனியையும் ராத்திரி படுக்கையில் கிடந்தபடி முதல் இதழிலிருந்து கடைசி இதழ் வரை புரட்ட முடிந்தால், அப்போது எது ஆழம் எது மேலோட்டம் என்று ஒப்பிட்டுப் பேசலாம். இப்போது செய்வது ஒரு கையைக் கட்டிவிட்டு மல்யுத்தம்.

---

மண்ணடி மீரான்:

தலைப்புக்குச் சற்று வெளியே, மன்னிக்கவும். யூதர் என்றதும் ஏதோ அமெரிக்கா என்று நினைக்காதீர்கள், எங்கள் பேட்டையில் பவளக்காரத் தெரு இருக்கிறதே, அது அவர்கள் நினைவாக நிற்கிற பெயர்தான். போர்ச்சுகல் பூர்வீகமுள்ள யூத வியாபாரிகள் லண்டனிலிருந்து பவளம் கொண்டுவந்து இங்கே விற்று, இங்கிருந்து வைரம் வாங்கிப் போனார்கள். 1688-ல் மதராஸ் மாநகராட்சி அமைத்தபோது ஆல்டர்மேன்களில், அதாவது நகர்மன்ற உறுப்பினர்களில், மூன்று பேர் யூதர்கள். லாயிட்ஸ் ரோடில் கல்லறைத் தோட்டமும் இருக்கிறது, முன்னால் மின்ட் ஸ்ட்ரீட் பக்கம் இருந்த கற்களைத்தான் அங்கே கொண்டுபோய் நட்டார்கள். இங்கே குடும்பம் குடும்பமாகப் பெருகவில்லை, அதனால் பெண்கள் சங்கம், பத்திரிகை என்கிற பேச்சே எழவில்லை. பம்பாயில் பெனே இஸ்ரேல் சமூகம் பெரிசு, அங்கே 1913-லேயே யூதப் பெண்கள் ஸ்த்ரீ மண்டல் தொடங்கிவிட்டார்கள். பத்திரிகைக்குப் பின்னால் ஒரு தெருவாவது ஆள் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

---

அருள்மொழி:

மீரான் பாய் கடைசியில் சொன்ன வரிதான் விஷயம். பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள், மற்றது தானாகப் புரியும். அமெரிக்கன் ஜூயெஸோடு இன்னும் இரண்டு பத்திரிகைகளைச் சேர்த்துப் பார்த்தால் வாசகி அவர்களுக்குக் கூட்டத்தில் பேச நல்ல பிடி கிடைக்கும்.

ஜெர்மனியில் 1904-ல் பெர்த்தா பப்பன்ஹைம் என்பவர் யூதப் பெண்கள் சங்கம் தொடங்கினார். மனநல மருத்துவ வரலாற்றில் அன்னா ஓ என்ற புனைபெயரில் வரும் நோயாளி இவர்தான். பாடப்புத்தகம் அவரை நோயாளியாகவே நிறுத்திவைத்திருப்பது எனக்கு எப்போதும் எரிச்சல், ஏனென்றால் அவர் அநாதைப் பெண்களுக்கு விடுதி நடத்தினார், பெண்களைக் கடத்தி விற்பதை எதிர்த்து ஊர் ஊராகப் போனார். அவருடைய சங்கம் 1924-லிருந்து ஒரு பத்திரிகை நடத்தியது. ஆசிரியர் ஹன்னா கார்மின்ஸ்கி. சங்கத்து உறுப்பினர்கள்தான் வாசகர்கள், பணத்துக்குத் தட்டில்லை, ரோசாவுக்கு இல்லாத எல்லாம் இருந்தது. 1938-ல் நாஜிகள் சங்கத்தையும் கலைத்தார்கள், பத்திரிகையும் போனது. பப்பன்ஹைம் 1936-லேயே இறந்துவிட்டார். கார்மின்ஸ்கி வெளியேறாமல் பெர்லினிலேயே சமூக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 1942 டிசம்பரில் அவரை அவுஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள், திரும்பவில்லை.

அடுத்தது லிலித். நியூயார்க், 1976. சூசன் வைட்மன் ஷ்னைடரும் சில தோழிகளும் ஆரம்பித்தது. ஆதாமுக்கு ஏவாளுக்கு முன்னால் லிலித் என்று ஒரு மனைவி இருந்ததாகவும், நானும் அதே மண்ணில் செய்யப்பட்டவள்தான், உனக்குக் கீழே இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பறந்து போனதாகவும் யூதர்களிடையே ஒரு பழங்கதை. மரபில் அவள் பேய், குழந்தையைக் கொல்கிறவள். அவள் பெயரையே அட்டையில் போட்டார்கள். சூழலும் பக்குவமாக இருந்தது. 1972-ல் எஸ்ரத் நாஷிம் என்ற இளம் பெண்கள் குழு ரபிகளின் மாநாட்டுக்கே போய் வழிபாட்டிலும் சட்டத்திலும் சம இடம் கேட்டது. அதே வருஷம் சாலி பிரீசாண்ட் அமெரிக்காவின் முதல் பெண் ரபி ஆனார். ரோசா தலையங்கத்தில் கெஞ்சியும் மிரட்டியும் கேட்டது உறுப்பினர் இடம், எண்பது வருஷத்துக்குள் கேள்வி மேடைக்கே ஏறிவிட்டது.

லிலித் எந்தப் பெரிய யூத அமைப்பின் கீழும் இல்லை. சந்தாவும் நன்கொடையுமாக, லாப நோக்கில்லாத அமைப்பாக நடத்துகிறார்கள், காலாண்டிதழாக. அதனால் சொந்தச் சமூகத்துப் பெரிய மனிதர்களைக் கேள்வி கேட்க முடிகிறது. ஊரே கொண்டாடிய ஒரு பாடகர் ரபி இறந்து நாலு வருஷம் கழித்து, 1998-ல், அவர் பெண்களிடம் நடந்துகொண்ட விதம் பற்றிய குற்றச்சாட்டுகளை விரிவாக வெளியிட்டது லிலித். எவ்வளவு திட்டு வாங்கியிருக்கும் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். கவுன்சில் பணத்தில் நடக்கும் பத்திரிகையால் அது முடிந்திருக்குமா? ரோசாவுக்கு வாய் இருந்தது, பின்பலம் இல்லை. ஜெர்மன் பத்திரிகைக்குப் பின்பலம் இருந்தது, அதைக் காப்பாற்ற நாடு இல்லை. லிலித்துக்கு இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் வாய்த்தது.

நம்ம பக்கம் ஒப்பிட வேண்டுமென்றால் வை.மு.கோதைநாயகி. 1925-ல் ஜகன்மோகினியை எடுத்துக்கொண்டு சுமார் 35 வருஷம் இழுத்தார், நடுவில் சிறைக்கும் போய் வந்தார். எப்படி முடிந்தது? சரக்கு அவருடையதே. 115 நாவல் எழுதியவர், வாசகி அடுத்த அத்தியாயத்துக்காகவே சந்தா கட்டுவாள். ரோசாவும் கதை எழுதுவார்தான், ஆனால் பத்திரிகையைக் கதை தூக்கி நிறுத்தவில்லை.

---

மயிலை வாசகி:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. கீதா சொன்ன வர்க்க விஷயத்தையும் அருள்மொழி சொன்ன பண விஷயத்தையும் சேர்த்துத்தான் பேசப் போகிறேன். வீட்டம்மாக்கள் பத்திரிகையா என்றால் ஆமாம், வீட்டம்மாக்கள் பத்திரிகைதான், அந்த வீட்டம்மாவுக்கு ஓட்டு இல்லை என்று அவளிடமே போய்ச் சொன்ன பத்திரிகை. பெரியவருக்கு இந்தப் பதில் போதும்.

ஒரே ஒரு சந்தேகம். சென்னையோடு முடிச்சுப் போட நேரான தொடர்பு ஏதாவது உண்டா? அமெரிக்கன் ஜூயெஸில் மதராஸ் பற்றி ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

---

பழைய பேப்பர்:

நேரான முடிச்சைத் தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம், அதைவிட நல்லது ஒன்று உங்கள் கையிலேயே இருக்கிறது. கமலா சத்தியநாதன். அவரும் சிறுபான்மை, கிறிஸ்தவர். 1906-ல் கணவர் இறந்த பிறகும் பத்திரிகையை விடவில்லை, 1918 வரை வந்தது, திரும்ப 1927-லிருந்து 1938 வரை. ஆணும் பெண்ணும் இடம் மாறி, ஆண்கள் வீட்டுக்குள் அடைந்து கிடக்க பெண்கள் நாட்டை ஆளுகிற கதை சுல்தானாவின் கனவு, வங்காளத்து முஸ்லிம் பெண் ரொகேயா எழுதியது, 1905-ல் முதலில் வெளிவந்தது இந்த மதராஸ் பத்திரிகையில்தான். ஒரு கிறிஸ்தவப் பெண்ணின் பத்திரிகையில் ஒரு முஸ்லிம் பெண்ணின் கதை, வாசகர்களில் பாதிப் பேர் இந்துப் பெண்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ரோசாவை முதலில் வைத்து, அடுத்து கமலாவைக் கொண்டுவாருங்கள், கோதைநாயகிக்கு நேரம் இருந்தால் பாருங்கள்.

பழைய இதழ் ஏதாவது நேரில் காட்ட வேண்டுமென்றால் தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்தில் கேளுங்கள், தவம் சார் அந்தப் பக்கம்தான் இருக்கிறார் போலிருக்கிறது. என்ன வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனால் எடுத்து வைப்பார்கள், திடுதிப்பென்று போய் நின்றால் பாதி நாள் போய்விடும். கூட்டம் எந்தக் கிழமை என்று இங்கேயே போடுங்கள், மீரான் பாயையும் இழுத்துக்கொண்டு வருகிறேன்.